குழு: கிணத்தடிக் குடும்பம்

ரஞ்சி மாமி: தர்சியும் பிள்ளையும் வியாழன் வீட்ட வருகினம். ஞாயிறு பிள்ளைக்கு 31 ஆம் நாள், துடக்குக் கழிவு, ஐயர் 9 மணிக்கு எண்டிட்டார். அதுக்கு முதல் உந்தத் தண்ணிக் கதைக்கு ஒரு முடிவு சொல்லுங்கோ. பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறது எந்தத் தண்ணியில?

தர்சி: [படம்: ஆய்வுகூட ரிப்போட். நைத்திரேற்று (நைதரசனாக) 17.6, இலங்கைத் தரம் 50. மாதிரி சேகரித்தவர்: வாடிக்கையாளர்]

தர்சி: ரவி அண்ணா எனக்குத் தனிய அனுப்பினவர். பங்குக் கிணத்துத் தண்ணி ரிப்போட். நைத்திரேற்று கூடவாம், கைக்குழந்தைக்குக் குடுக்க வேண்டாமாம்

மணி: ரவியோ

மணி: அப்ப பொய்தான்

கஜன் (ரொறன்ரோ): அப்பா தொடங்கீட்டார்

மணி: வேலிக் கதியாலைத் தள்ளிப் போட்ட நாளில இருந்து அவன் ஒரு உண்மை சொன்னவனோ? கிணறு பழுதெண்டு கதை கட்டி எங்கட பங்கை எழுதி வாங்கிறதுதான் திட்டம்.

இந்திரா: பேந்தும் வேலி

கதிர் மாஸ்ரர்: மணி, நீ சொன்னது முழுக்க ரவியைப் பற்றி. தண்ணியைப் பற்றி ஒரு வசனம் இல்லை. அவனுக்குப் பங்கில கண் இருக்கலாம், நான் மறுக்கேல்லை. அதுக்காகத் தண்ணியில நைத்திரேற்று கூடவும் மாட்டுது, குறையவும் மாட்டுது.

ரஞ்சி மாமி: அண்ணை இப்ப குறள் சொல்லுவார்

கஜன் (ரொறன்ரோ): 423, "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்"

கதிர் மாஸ்ரர்: சொல்லேல்லை. நான் சொல்ல வந்தது வேற. எங்கட சைவசித்தாந்தத்தில அளவை, அதாவது ஒண்டை அறியிற வழி, ஆறு, பத்தெண்டு எத்தினை சொன்னாலும் மூண்டுக்குள்ள அடங்கும்: காண்டல் (நேர பாக்கிறது), கருதல் (யோசிச்சு ஊகிக்கிறது), உரை (ஆள் சொல்லக் கேக்கிறது). ஒரு கதைக்குச் சொன்னவன்ர வாயைத் தவிர வேற ஆதாரம் இல்லையெண்டால் அது உரை. அங்க ஆள் ஆர், அவனுக்கு என்ன லாபம் எண்டு கட்டாயம் பாக்கத்தான் வேணும். ஆரும் அளந்து பாக்கலாம், ஆரும் கணக்குப் போட்டுப் பாக்கலாம் எண்டால் ஆளை ஒரு பக்கம் வைச்சிட்டுக் கதையைப் பார். இந்த ரிப்போட்டில ரெண்டும் கலந்து கிடக்கு. பிரிச்சுத்தான் பாக்க வேணும்.

மணி: ஒரு ரிப்போட்டுக்குச் சித்தாந்தம்

கதிர் மாஸ்ரர்: 17.6 எண்ட இலக்கம் ஆய்வுகூடம் அளந்தது. அது ரவியின்ர கதை இல்லை. அடியில "மாதிரி சேகரித்தவர்: வாடிக்கையாளர்" எண்டு கிடக்கு, பாத்தியளோ? ரவி வாற இடம் அதுதான். போத்திலுக்குள்ள இருந்த தண்ணிக்கு மட்டும்தான் ஆய்வுகூடம் பொறுப்பு. அந்தத் தண்ணி பங்குக் கிணத்தில அள்ளினதோ, அவன்ர தோட்டத்துக் கிணத்தில அள்ளினதோ எண்டது அவன்ர வாய்ச்சொல். சந்தேகப்படுறதெண்டால் அந்த வரியில சந்தேகப்படு.

மணி: அதைத்தானே நானும் சொன்னனான்

கஜன் (ரொறன்ரோ): இல்லை அப்பா. "பொய்தான்" எண்டு சொன்னனீங்கள்

கஜன் (ரொறன்ரோ): பெரியப்பா ஒண்டு. 17.6 தானே இருக்கு. இலங்கைத் தரம் 50 எண்டு போட்டிருக்கு. அப்ப பிரச்சினையே இல்லையே

மணி: பாத்தியளோ

கதிர் மாஸ்ரர்: அலகைப் பாக்கேல்லை நீ. "நைதரசனாக" எண்டு போட்டிருக்கு. நைத்திரேற்றில இருக்கிற நைதரசனை மட்டும் நிறுத்த கணக்கு அது. 4.43 ஆல பெருக்கினால்தான் முழு நைத்திரேற்று வரும். 17.6 ஐப் பெருக்கு, 78 வரும். 50 எண்ட எல்லை முழு நைத்திரேற்றுக்கு, லீற்றருக்கு மில்லிகிராம். நைதரசனாப் பாத்தால் அந்த எல்லை 11 தான். ரிப்போட்டில பிழைவிடுற இடம் முக்கால்வாசி இதுதான்.

தர்சி: 78 ஆ

இந்திரா: ஐயோ

மணி: கூடாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு போகமும் வெங்காயத்துக்கு மூட்டை மூட்டையா யூரியா போடுறது அவன்தானே. கிணத்தைப் பழுதாக்கினதே அவன்

கதிர் மாஸ்ரர்: அப்ப நைத்திரேற்று இருக்கெண்டு ஒத்துக்கொள்ளுறாய்.

கஜன் (ரொறன்ரோ): ஹாஹாஹா

மணி: நான் அப்பிடிச் சொல்லேல்லை

கதிர் மாஸ்ரர்: ரவி பொய் சொல்லுறான் எண்டதும், ரவியாலதான் தண்ணி பழுது எண்டதும் ஒண்டாய் நிக்காது. ஒண்டைப் பிடி. பழுதாக்கினவனே வந்து பழுதெண்டு சொன்னாலும் பழுது பழுதுதான்.

மணி: அவன்ர வீட்டிலயும் அதே தண்ணியைத்தானே குடிக்கினம்

கதிர் மாஸ்ரர்: அங்க கைக்குழந்தை இல்லை.

ரஞ்சி மாமி: இலை 120 காணுமோ? சுன்னாகச் சந்தையில சொல்லி வைக்க வேணும்

இந்திரா: மாப்பிள்ளை பக்கம் எத்தினை பேர்

தர்சி: 40 அளவில. அம்மா, தண்ணியை முதல் முடியுங்கோ

ரஞ்சி மாமி: போன கிழமை பில்ரர் விக்கிற பெடியன் ஒருத்தன் வந்தவன் எல்லோ. ரெண்டு கிளாஸ், ஒண்டில எங்கட தண்ணி, மற்றதில அவன்ர தண்ணி. ரெண்டிலயும் கம்பி விட்டுக் கறண்ட் குடுத்தான். எங்கடது சேத்துத்தண்ணி மாதிரிக் கபிலமாப் போச்சு, அவன்ர அப்பிடியே கிடந்தது. எனக்கு அதில இருந்து அந்தத் தண்ணியைப் பாக்கவே அருவருப்பு

மணி: வியாபாரி. விக்கத்தான் அப்பிடிக் காட்டுவான். இதுகும் பிழையோ அண்ணை?

கதிர் மாஸ்ரர்: முடிவு சரி, காரணம் பிழை. விக்கிறவன் எண்டதால பொய்யாகாது. அவன் காட்டின பரிசோதனை பிழை, அதைக் காரணத்தோட சொல்லலாம். கபிலமா வந்தது தண்ணிக்குள்ள இருந்த ஊத்தை இல்லை, அவன்ர இரும்புக் கம்பி. கறண்ட் போகேக்க நேர்மின்வாயில இரும்பு கரைஞ்சு ஐதரொட்சைட்டா அடையுது. எங்கட தண்ணி சுண்ணக்கல்லுக்குள்ளால வாறது, உப்புகள் கனக்க, கறண்ட் நல்லாப் போகும். அவன்ர வடிச்ச தண்ணியில உப்பு இல்லாததால போகாது, அதுதான் அப்பிடியே கிடந்தது. அடுத்தமுறை வந்தால் அவன்ர கிளாசுக்குள்ள ஒரு சிட்டிகை கறியுப்புப் போட்டிட்டுக் கம்பியை விடச் சொல்லு. அதுகும் கபிலமாகும்.

கஜன் (ரொறன்ரோ): செம

ரஞ்சி மாமி: அறுவான். தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போனவன்

மணி: அப்ப தண்ணி நல்ல தண்ணி. முடிஞ்சுது

கதிர் மாஸ்ரர்: முடியேல்லை. அந்தக் கம்பியால நைத்திரேற்றைப் பற்றி ஒண்டும் தெரியாது, இருக்கெண்டும் இல்லை, இல்லையெண்டும் இல்லை. ஒருத்தன் பிழையான காரணம் சொன்னதால அவன்ர முடிவு பிழையெண்டு வராது. அவன் கொண்டு திரியிற ரீடிஎஸ் மீற்றரும் அப்பிடித்தான். மொத்த உப்பைக் காட்டும், நைத்திரேற்று எவ்வளவு எண்டு பிரிச்சுக் காட்டாது.

தர்சி: பெரியமாமா, இவற்ற சித்தப்பா லண்டனில டொக்டர். கொதிக்க வைச்சுக் குடுத்தாக் காணும் எண்டவர்

இந்திரா: டொக்டர் சொன்னாச் சரிதானே

கதிர் மாஸ்ரர்: ரவி சொன்னான், ஆனபடியால் பொய். டொக்டர் சொன்னார், ஆனபடியால் மெய். ரெண்டும் ஒரே பிழை. கிருமிக்குக் கொதிக்க வைக்கிறது சரி, அவர் அதை நினைச்சுச் சொல்லியிருப்பார். நைத்திரேற்று ஆவியாப் போகாது. ஒரு லீற்றரைக் கொதிக்க வைச்சு முக்கால் லீற்றராக்கினால் 78 எண்டது 104 ஆகும். தர்சி, ரிப்போட்டை அவருக்கு அனுப்பிக் கேள், அவரே மாத்திச் சொல்லுவார்.

மணி: இப்ப டொக்டரையும் விட மாஸ்ரர் பெரிசு

கதிர் மாஸ்ரர்: 78 ஐ 0.75 ஆல பிரிச்சுப் பார். அதுக்கு மாஸ்ரரும் வேண்டாம் டொக்டரும் வேண்டாம்.

தர்சி: பிள்ளைக்கு என்ன செய்யும் உது?

கதிர் மாஸ்ரர்: பெரியாக்களுக்கு உடன பெரிசாப் பயப்பிட ஒண்டும் இல்லை. ஆறு மாசத்துக்கு உட்பட்ட, போத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குத்தான் பயம். நைத்திரேற்று நைத்திரைற்றாகி இரத்தத்தில ஒட்சிசன் காவிற வேலையைக் குழப்பும், சொண்டு நீலம் பாரிக்கும். தாய்ப்பாலில அது பெரிசா ஏறாது, அதால முடிஞ்சளவு தாய்ப்பால் குடு. பால்மா கட்டாயம் எண்டால் ஆர்.ஓ. தண்ணி, மென்சவ்வுக்குள்ளால தள்ளி உப்பை வடிச்சது. மண் சட்டிப் பில்ரர், கரிப் பில்ரர் நைத்திரேற்றைப் பிடிக்காது. ஆர்.ஓ. தண்ணியையும் கொதிக்க வைச்சு, 70 பாகைக்குக் குறையாத சூட்டில மாவைக் கரைச்சு, பேந்து ஆறவிட்டுக் குடுக்க வேணும்.

தர்சி: ஓம் மாமா

கதிர் மாஸ்ரர்: 1854 இல லண்டனில ஜோன் ஸ்னோ எண்ட வைத்தியர், கொலரா தண்ணியாலதான் வருது எண்டு புறோட் ஸ்ரீற் பம்பைக் காட்டினார். அந்தக் கோயில்பற்றுப் பாதிரியார் ஹென்றி வைற்ஹெட் நம்பேல்லை. முறியடிக்க எண்டு வீடு வீடாப் போய் விசாரிச்சார். கடைசியில பம்புக்குப் பக்கத்து வீட்டில ஒரு கைக்குழந்தைக்கு முதலே வயித்தோட்டம் இருந்ததையும், துணி கழுவின தண்ணி ஊத்தின மலக்குழி கிணத்துக்குக் கிட்ட, மூண்டு அடியளவில இருந்ததையும் வெளியில கொண்டுவந்தது அவற்ற விசாரணைதான். நம்பாத ஆள் எண்டதால ஸ்னோவும் அவரைத் தள்ளேல்லை.

கஜன் (ரொறன்ரோ): அப்பாவைப் பாதிரியாராக்கிப் போட்டார்

ரஞ்சி மாமி: எங்கட மலகூடக் குழி எத்தினை அடி அண்ணை?

இந்திரா: அதை ஏன் இப்ப கிளப்புறியள்

மணி: குழி வெட்டின இடத்தைக் காட்டினது ஆரெண்டும் சொல்லுங்கோவன்

ரஞ்சி மாமி: அப்பா காட்டின இடம். செத்தவரை விடு

கதிர் மாஸ்ரர்: விஷயத்துக்கு வாங்கோ. சனிக்கிழமை காலமை புதுசா ஒரு மாதிரி எடுப்பம். ரவியும் நிக்கவேணும், மணியும் நிக்கவேணும். பேந்து ஆரும் "அவன் எடுத்தது" எண்டு சொல்ல ஏலாது. மோட்டரைப் போட்டுக் குழாயில கிடக்கிற பழைய தண்ணி போகவிட்டிட்டு, ஒரு லீற்றர்ப் போத்திலை அதே தண்ணியால மூண்டுதரம் அலசி, நிரப்பி மூடி, திகதி நேரம் கிணறு எழுதி, மூடிக்கு மேலால துண்டு ஒட்டி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கோ. ஐஸில வைச்சு 24 மணித்தியாலத்துக்குள்ள குடுக்க வேணும். கிருமிப் பரிசோதனைக்கு வேற போத்தில். தொற்று நீக்கின போத்தில் ஆய்வுகூடத்தில தருவினம். அதை மட்டும் அலசக்கூடாது.

தர்சி: சனிக்கிழமை ஆய்வுகூடம் திறந்திருக்குமோ?

கஜன் (ரொறன்ரோ): நல்ல கேள்வி

கதிர் மாஸ்ரர்: கேட்டுச் சொல்லுறன். பூட்டெண்டால் திங்கள். அதுவரைக்கும் பிள்ளைக்கு ஆர்.ஓ. கான் தண்ணி.

மணி: நிக்கிறன். ஆனா நான் அவனோட கதைக்க மாட்டன்

கதிர் மாஸ்ரர்: கையெழுத்துப் போட்டாக் காணும்.

ரஞ்சி மாமி: அப்ப ரவிக்குக் கோல் எடுக்கிறது ஆர்? 31க்கும் அவையைச் சொல்லுறதோ இல்லையோ?

இந்திரா: தண்ணிக்குக் கூப்பிட்டிட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடாமல் விடேலுமோ

மணி: அது வேற கதை

கஜன் (ரொறன்ரோ): அப்பாவைத் தவிர ஆரும் எடுங்கோ

கதிர் மாஸ்ரர்: ஐஸ் பெட்டி ஆரிட்ட இருக்கு?

தர்சி: ரவி அண்ணாட்டத்தான் இருக்கு

ரஞ்சி மாமி: இலை 120 ஓ 150 ஓ?