படகு டிரெய்லர்: ஸ்பிண்டிலுக்குத் தமிழ் என்ன?

மு. (டொரொண்டோ):
அன்பர்களே, ஒன்டாரியோ ஏரிகளுக்குப் படகோடு போகும் நம்மவர்களுக்காக ஒரு டிரெய்லர் பராமரிப்புக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிக்கல் ஸ்பிண்டிலில், அதாவது ஆக்சிலின் இரு கோடியிலும் பேரிங் ஏறி உட்காரும் கடைந்த பகுதியில். வரி இதுதான்: "பேரிங் ஸ்பிண்டிலின்மேல் வழுக்கிச் சுழன்று வரி விழுந்திருந்தாலோ, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தாலோ, புது பேரிங் போட்டுப் பயனில்லை, ஆக்சிலையே மாற்றுங்கள்." இரண்டையும் 'அச்சு' என்றால் வாசிப்பவர் எதை மாற்றுவார்?

செ. (மதுரை):
ஆக்சிலுக்கு 'இருசு' இருக்கிறதே. குடம், ஆரக்கால், இருசு, கடையாணி எல்லாம் மாட்டுவண்டியில் புழங்கிய சொற்கள்தாம். சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப் என்பது குடம். நீங்கள் கேட்கும் பகுதி 'இருசுமுனை'. அச்சு என்றால் அச்சகம், வார்ப்பு, கணக்குப் பாடத்து அச்சு என்று பல பொருள் வரும். போதாக்குறைக்கு அது அக்ஷத்தின் திரிபு.

ந. (யாழ்ப்பாணம்):
> அக்ஷத்தின் திரிபு
இருக்கட்டுமே! 'சாகாடும் அச்சிறும்' என்ற வள்ளுவருக்கு அது உறுத்தவில்லை. புறநானூறு 102இல் உமணர், அதாவது உப்பு வணிகர், வண்டியின் கீழ்மரத்தில் கட்டிப்போன 'சேம அச்சு' வருகிறது, முறிந்தால் மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் அச்சு. கையேட்டுக்கு அந்தச் 'சேம'வை எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங் ஏற்றி, கிரீஸ் அடைத்து, நீர் புகாமல் தடுக்கும் வளையமான சீலும் போட்ட குடம் ஒன்றை டிரெய்லரில் கட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள் அல்லவா? அது சேமக்குடம். பேரிங்குக்குத் 'தாங்கி' உண்டு. உருளை கூம்பாக இருப்பதால் 'கூம்புருளைத் தாங்கி'.

செ.:
சேமக்குடம் அருமை. ஆனால் அந்தப் பாட்டில் கீழ்மரம் என்பது வண்டியின் அடிச்சட்டமா, இருசுக்கட்டையா? சட்டம் என்றே நான் கொள்கிறேன். இருசிலேயே மாற்று இருசைக் கட்டினால் பள்ளத்தில் இறங்கும்போது இரண்டும் சேர்ந்தே முறியும்.

வே. (கோயம்புத்தூர்):
ஐயா, கீழ்மரம் பிறகு. 'முனை' என்று போட்டால் ஆள் நட் ஏறும் மரையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவான். பார்க்கவேண்டியவை மூன்று இடங்கள்: வெளி பேரிங் உட்காருமிடம், உள் பேரிங் உட்காருமிடம், எல்லாவற்றுக்கும் பின்னால் அடிப்பக்கம் சீலின் உதடு உரசுமிடம். உதடு உரசிய இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீலும் நீரை விடும். அங்கே மெல்லிய எஃகு உறை ஏற்றிச் சரிசெய்யலாம். பேரிங் உட்காருமிடம் தேய்ந்திருந்தால் உறை கதைக்கு உதவாது. பேரிங்கின் உள்துண்டான கோன் கையால் தள்ளினால் ஏறவேண்டும், ஏறியபின் அங்கேயே ஆடக்கூடாது. வெல்டிங் வைத்து அரத்தால் ராவி ஒப்பேற்றுவது சாலையில் சக்கரம் கழன்றோட வழி.

'தாங்கி' என்று மொத்தமாகச் சொல்வதிலும் ஆபத்து உண்டு. அது இரண்டு துண்டு: உருளைகளோடு சேர்ந்தது கோன், குடத்துக்குள் தட்டி இறக்கியது கப். பலர் கோனை மட்டும் மாற்றுகிறார்கள். கப்பில் இருக்கும் பழைய துருத்தழும்பு புது உருளைகளைத் தின்றுவிடும். பித்தளைக் கம்பியை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டிக் கப்பையும் எடுத்தாக வேண்டும்.

ந.:
அப்படியானால் 'கதிர்'. நூற்கும் கருவியின் ஸ்பிண்டில் கதிர்தான். உயிரியலிலும் கதிர்கோல் இழைகள் என்கிறோம்.

செ.:
கதிர் சுழலும். இங்கே சுழல்வது குடம், ஸ்பிண்டில் அசையாது. மாடு சுற்றும், முளை நிற்கும். எனவே 'இருசுமுளை'. வே. ஐயாவின் ஆட்சேபத்துக்கும் இது பதில். முளை என்றால் நுனி மட்டுமல்ல, முழுக்கட்டையும் வரும்.

மு.:
இருசுமுளை எனக்குச் சரி. சீலுக்கு எந்திர மொழிபெயர்ப்பு 'முத்திரை' என்று தந்தது. 'அடைப்பு' போடலாமா?

வே.:
வேண்டாம். கிரீஸ் அடைத்துக்கொண்டது என்று படிப்பார்கள். 'சீல்' என்றே விடுங்கள். கடையில் அதைத்தான் கேட்கப்போகிறார்கள். காரணத்தை இன்னும் விளக்கமாக எழுதுங்கள். நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான குடத்தைக் குளிர்ந்த ஏரிநீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாக நீரை இழுக்கும். குளிர்காலம் முழுக்க வண்டி நிற்கையில், உருளை தொட்ட கோடுகளில் துருவேறும். வசந்தத்தில் ஓட்டும்போது அங்கிருந்துதான் பொருக்கு உதிர ஆரம்பிக்கும். இறக்குமுன் குடம் ஆறட்டும். ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடி உதவும். ஆனால் அளவுக்கு மீறி அடித்தால் பின் சீலையே பிதுக்கிவிடும்.

செ.:
உலோகப் பரப்பு செதிலாக உதிரும் ஸ்பாலிங்குக்குப் 'பொருக்குதிர்வு' என்று போகிறபோக்கில் தந்துவிட்டீர்களே! குடம் ஸ்பிண்டிலின்மேல் முன்னும் பின்னும் சற்றே அசைய விடும் இடைவெளி, அந்த எண்ட் ப்ளேக்கு?

வே.:
'ஆட்டம்'. பட்டறையில் வேறு சொல் கிடையாது. குடத்தைச் சுற்றிக்கொண்டே நட்டைச் சுமார் 50 அடி-பவுண்டு இறுக்கி பேரிங்கை உட்காரவைத்து, குடம் திரும்பாமல் நட்டைத் தளர்த்தி, விரலால் மட்டும் மறுபடி முடுக்கி, நட் கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின் போடுங்கள். பின்னுக்கான துளை பொருந்தாவிட்டால் நட்டைத் தளர்வுப் பக்கமே நகர்த்தவேண்டும். கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். ஆட்டமே இல்லாமல் முடுக்கினால் பேரிங் வெந்து, முளை நீலமாகும். உங்கள் முதல் வரிக்கே காரணம் பெரும்பாலும் அதுதான்.

மு.:
முடித்துவிடுகிறேன்: இருசு, இருசுமுளை, குடம், சேமக்குடம், ஆட்டம், பொருக்குதிர்வு. பேரிங், கோன், கப், சீல், கிரீஸ் அப்படியே.

ந.:
மூன்று பேர் சரி என்றால் நடக்கட்டும். ஆனால் தாங்கி நல்ல தமிழ்ச் சொல். கோன், கப் என்பதற்கு உட்தாங்கி, வெளித்தாங்கி போட்டிருந்தால் வே. ஐயா சொன்ன குழப்பம் வந்திருக்காது.

வே.:
வந்திருக்கும். ஒரு குடத்தில் உள் பேரிங், வெளி பேரிங் என்று ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன.

ந.:
அப்படியென்றால் கூம்புத்தாங்கி, கிண்ணத்தாங்கி. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.