காய் வடித்த தண்ணீரைக் கொட்ட அம்மாவுக்கு மனசு வரவில்லை

அப்பாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. போன வருடம் கிட்னி பாதித்து, அதைக் காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் 3.4 வந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். நாங்களும் விவரமாக, 'சோடியம் குறைந்தது' என்று போட்ட உப்பு பாக்கெட்டைத் தேடி வாங்கினோம். சித்திரை வெயிலுக்கு தினம் ஒரு இளநீர், ராத்திரி முருங்கைக்கீரை சூப். எல்லாம் உடம்புக்கு நல்லதுதானே? மூன்றாவது வாரம் கால் துவண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்து அவரால் எழுந்திருக்க முடியவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் 6.4க்கு ஏறியிருந்தது. ஈசிஜி எடுத்த கையோடு அட்மிட் செய்துவிட்டார்கள்.

டயட்டீசியன் அந்த உப்பு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார். பொட்டாசியம் குளோரைடு! இளநீரிலும் முருங்கைக்கீரையிலும் பொட்டாசியம்தான் நிறையவாம். நல்ல கிட்னி என்றால் மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். அப்பாவுக்கு ரத்தத்திலேயே தங்கிவிட்டது. சரி, இந்துப்பு போடலாமா என்று கேட்டேன். அதுவும் சாதா உப்பு மாதிரி சோடியம் குளோரைடுதானாம்.

காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்ட வேண்டும். பொட்டாசியம் முழுசாகப் போகாது, குறையும். அம்மா நாற்பது வருடமாக அந்தத் தண்ணீரில்தான் ரசம் வைக்கிறார். முதல் நாள் உருளைக்கிழங்கு வடித்ததை ஒரு சொம்பில் பிடித்து, அடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். "நமக்குத் தனியா ரசம் வச்சுக்கலாம்டா, சத்து போயிடும்ல."

*

எங்கள் வீட்டில் கதை நேர்மாறு அண்ணா. டயாலிசிஸுக்கு முன்னால் மாமியாருக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள், கிலோ எடைக்கு தினம் 0.6 முதல் 0.8 கிராம் வரை. டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் அதே பத்தியத்தைப் பிடித்துக்கொண்டார். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகி, ரத்தத்திலுள்ள புரதமான ஆல்புமினும் இறங்கிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. டயாலிசிஸில் புரதமும் கொஞ்சம் போய்விடுமாம், கிலோ எடைக்கு 1 கிராமுக்கு மேல் வேண்டும் என்றார்கள். தினம் முட்டை வெள்ளைக்கரு. செவ்வாய், வெள்ளி முட்டை தொடாதவர் அவர். டயாலிசிஸ் நாளும் செவ்வாய், வெள்ளிதான். நர்ஸ் உரித்துக் கையில் கொடுத்தால் மட்டும் மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறார்!

*

கொல்லையில் நட்சத்திரப் பழ மரம் வைத்திருப்பவர்கள் கவனிக்க. கிட்னி பாதித்த சித்தப்பா இரண்டு பழத்தை ஜூஸ் போட்டுக் குடித்தார். சாயங்காலம் விக்கல், நிற்கவே இல்லை. அப்புறம் பேச்சு குழறியது. அவசர டயாலிசிஸ் செய்துதான் மீண்டார். விக்கல் என்றதுமே டாக்டர் கேட்டது, "நட்சத்திரப் பழம் சாப்பிட்டாரா?" மரத்தை வெட்டச் சித்தி விடவில்லை. உதிர்ந்ததைச் சித்தப்பா கண்ணில் படுமுன் கூட்டி அள்ளுவது என் வேலை.