மறு: வாலறாத் தவளைக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

உருமாறாமல் குஞ்சு உருவிலேயே முதிர்ந்து இனம்பெருக்கும் நிகழ்வுக்கு (ஆங்கிலத்தில் neoteny) நாம் ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு வருமுன் ஏரியைப் பற்றி ஒரு குறை. தங்கை தம் கண்காட்சிப் பலகைக்கான குறிப்பில், பல லட்சம் ஆண்டுகளுக்குப் பின் தோன்றப்போகும் கற்பனைத் தவளையை மதுரை வண்டியூர்க் கண்மாயில் குடிவைத்திருக்கிறார். தலைப்பிரட்டையாகவே வளர்ந்து, தலைப்பிரட்டையாகவே முட்டையிட்டு, கரையேறாமலே சாகும் தவளை. கற்பனை அருமை, இடம்தான் பொருந்தவில்லை. நம் கண்மாய்கள் தனித்தவை அல்ல. ஒன்றின் கலுங்கு பாய்ந்தால் நீர் அடுத்ததற்குப் போகும், குஞ்சும் கூடவே போகும். மழை பொய்த்தால் சித்திரைக்குள் தரை வெடித்துவிடும். வற்றும் நீரில் பிழைப்பது, சட்டென்று கால் முளைத்து வெளியேறும் தலைப்பிரட்டைதான், தாமதிப்பது கருவாடு. மேலூர்ப் பக்கம் கைவிடப்பட்ட கிரானைட் குவாரிப் பள்ளம் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். ஆழம் உண்டு, நீர் வெளியேற வழியில்லை, சுவர் செங்குத்து. கரையே இல்லாத இடத்தில் கால் முளைத்து என்ன செய்ய?

இன்னொன்று. மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரியில் வாழும் ஆக்சலாட்டல் செவுளோடே முதிர்ந்து இனம்பெருக்குகிறது என்பது உண்மை. ஆனால் அது சாலமாண்டர், வளர்ந்த பின்னும் வாலுள்ள, தவளைக்குத் தூரத்து உறவான உயிர். தவளைகளில் அப்படி ஓர் இனம்கூட இன்றுவரை அறியப்படவில்லை. பலகையில் அதையும் எழுதிவிடுவது நல்லது. பிள்ளைகள் குவாரியில் தேடப் போய்விடக் கூடாது.

இனிச் சொல்.

> 'இளமைநீட்சி' போதாதா?

போதாது. நீட்சி என்றால் ஒரு நாள் முடிய வேண்டும். இங்கே அது முடிவதே இல்லை. தவிர, முகப்பூச்சு விளம்பரம்போல் ஒலிக்கிறது.

> 'பிஞ்சுமுதிர்வு' என்று வைக்கலாமே.

நல்ல சொல், ஆனால் வேறொன்றுக்கு. பிஞ்சிலே பழுத்தது என்று நம் ஊரில் யாரை வைகிறோம்? வேளைக்கு முன்னால் பழுத்தவனை. ஆக்சலாட்டல் வேளைக்கு முந்துவதில்லை. இனப்பெருக்க உறுப்புகள் உரிய காலத்தில் முதிர்கின்றன, உடல்தான் பழைய உருவிலேயே நின்றுவிடுகிறது. உடல் வளருமுன்பே இனப்பெருக்கம் முந்திக்கொள்ளும் உயிர்களும் உண்டு. உயிரியலார் இரண்டையும் பிரித்தே பேசுகிறார்கள். பிஞ்சுமுதிர்வை அந்த இரண்டாம் வகைக்கு வைத்துக்கொள்வோம்.

'வாலறா முதிர்வு', 'செவுள்விடா முதிர்வு' இரண்டும் பொதுச்சொல்லாகா. சாலமாண்டருக்கு எப்போதும் வால் உண்டு. பூச்சிகளிலும் இந்நிகழ்வு இருப்பதால் செவுளும் உதவாது. தங்கையின் தவளைக்குப் பெயராக மட்டும் 'வாலறாத் தவளை' இருக்கட்டும்.

என் முன்மொழிவு: நிகழ்வுக்கு மாறாமுதிர்வு, உயிருக்கு மாறாமுதிரி. 1864இல் பாரிஸுக்குக் கொண்டுபோன ஆக்சலாட்டல்களின் குஞ்சுகளில் சில, மறு ஆண்டு செவுள் இழந்து நிலத்துச் சாலமாண்டராகி விலங்கியலார் துமெரிலைத் திகைக்க வைத்தன. தைராய்டு இயக்குநீர் (ஹார்மோன்) கொடுத்தாலும் அது மாறும். ஆக, மாறும் திறன் உள்ளே கிடக்கிறது, மாறவில்லை, அவ்வளவுதான். 'மாறா' அதை மட்டும் சொல்கிறது. 'மாறவியலா' என்றால் பொய்யாகிவிடும்.

புலவர் ஐயா இரண்டு தடை சொல்லியிருக்கிறார். 'செய்யா' என்னும் வாய்பாடு பழந்தமிழில் 'செய்து' என்றும் பொருள்படும், ஆகவே 'மாறி முதிர்தல்' என்று தலைகீழாகப் படிக்கலாம் என்பது ஒன்று. படிக்கலாம், ஐயாவும் இன்னும் நாலு பேரும் படிப்பார்கள். இரண்டாவது கனமானது: மாறாதது முதிர்வா, உயிரா? உயிர்தான். ஆனால் உண்ணாநோன்பில் உண்ணாதிருப்பது நோன்பா? ஆள்தானே. அந்தச் சொல்லை யாரும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை.

•

அன்புடையீர்,

உண்ணாநோன்புக்கு என்னிடம் மறுமொழி இல்லை, தடையை விலக்கிக்கொள்கிறேன். 'மாறாமுதிரி' மட்டும் உறுத்துகிறது. முதிரை என்று காதில் விழுந்து துவரை, உளுந்து வரிசையில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

•

அண்ணன், ஐயா இருவருக்கும் நன்றி. பலகை நாளை அச்சுக்குப் போகிறது. மாறாமுதிர்வு சேர்த்துவிட்டேன், முதிரியை விட்டுவிட்டேன். குவாரிக்கும் மாற்றியாயிற்று, 'நீரில் இறங்காதீர்கள்' என்று ஒரு வரியும் போட்டிருக்கிறேன். வாலறாத் தவளையில் 'த்' மிகும்தானே, ஐயா? அச்சகத்தார் அதை எடுத்துவிட்டு மெய்ப்பு அனுப்பியிருக்கிறார்கள்.