மறு: [கலைச்சொல்] டிரான்ஸ்போசிங் இன்ஸ்ட்ருமென்ட் – தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

> "இடமாற்று இசைக்கருவி", "சுருதி மாற்றுக் கருவி" – இரண்டில் ஒன்றை முடிவு செய்துவிடலாமா?

தாளில் எழுதியது ஒரு சுரம், ஒலிப்பது வேறு சுரம் என்றிருக்கும் கிளாரினெட் போன்ற கருவிகளுக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். தமிழில் இந்த இரண்டுமே வேண்டாம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

இந்தச் சொல் எங்களுக்கு அகராதியில் ஏற்றுவதற்காக வேண்டியதில்லை, அச்சுக்குப் போகிற இசைத்தாளின் தலையில் போட வேண்டும். பாமாலை (கிறிஸ்தவ ஆராதனைப் பாடல்) ராகங்களை ஆலய வாத்தியக் குழுக்களுக்குப் பிரித்து எழுதி, நீலகிரிச் சபைகளுக்காகப் புத்தகமாக்கிக்கொண்டிருக்கிறோம். இங்கே இன்ன வாத்தியம் இருக்கும் என்று நம்பி எழுத முடியாது. குன்னூர்ப் பக்கம் என்றால் வெலிங்டனில் ராணுவ பேண்டில் வாசித்து ஓய்வு பெற்றவர் கிளாரினெட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். கோத்தகிரிப் பக்கம் இரண்டு வயலினும் ஒரு ஆல்டோ சாக்ஸஃபோனும் கிடைத்தால் பெரிய விஷயம். அதனால் பாட்டின் ஒவ்வொரு குரலையும் (சோப்ரானோ, ஆல்டோ போன்ற பகுதி) யார் வந்தாலும் வாசிக்கிற மாதிரி பல விதத் தாளாக அச்சிடுகிறோம்.

"ஓல்டு ஹண்ட்ரெட்" ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1551ஆம் ஆண்டு ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வந்த மெட்டு, பதிப்புரிமைத் தொல்லை கிடையாது. அதை எஃப் மேஜரில், அதாவது 4 கட்டையில் வைத்திருக்கிறோம் (சி-யை 1 என்று வைத்து வெள்ளைக் கட்டைகளை எண்ணும் கணக்கு, நடுவே வரும் கறுப்புக் கட்டை அரை). வயலின் தாளிலும் 4 கட்டைதான். பி ஃபிளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழுச்சுரம் (இரண்டு அரைச்சுரம்) தாழ்ந்து ஒலிக்கும், எனவே அந்தத் தாள் 5 கட்டையில், ஒரு ஷார்ப்போடு (சுரத்தை அரைச்சுரம் ஏற்றும் குறி). ஆல்டோ சாக்ஸ் தாள் 2 கட்டையில், இரண்டு ஷார்ப்போடு. மூவரும் சேர்ந்து வாசித்தால் காதில் விழுவது 4 கட்டை மட்டுமே.

இதில் கருவி எதை இடம் மாற்றியது? ஒன்றையும் இல்லை. மாற்றி எழுதியவர்கள் நாங்கள்.

"சுருதி மாற்று" இன்னும் மோசம். மேல் சுரம் சபையாருக்கு எட்டவில்லை என்று கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிப் பாட்டையே இறக்குகிறோமே, அதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். போதாக்குறைக்கு ஊட்டியில் கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனை வேறு இருக்கிறது. ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 0 டிகிரியில் 331. குளிரில் கிளாரினெட் தானாகவே இறங்கும், எலக்ட்ரானிக் கீபோர்டு அசையாது. அந்தப் பஞ்சாயத்தின் நடுவே "சுருதி மாற்றுக் கருவி" என்று தாளில் போட்டால் கிளாரினெட்காரர் என்னை அடிக்க வருவார்.

கடைசியாக யூஃபோனியம் என்ற பித்தளை ஊதுகருவி. ஒரே கருவிதான். பிராஸ் பேண்டில் பழகியவர் ட்ரெபிள் கிளெஃப் (மேல் சுரங்களுக்கான தொடக்கக் குறி) தாள் கேட்பார், அதில் எழுதியதைவிட ஒரு ஸ்தாயியும் ஒரு முழுச்சுரமும் கீழே ஒலிக்கும். வேறு பள்ளியில் கற்றவர் பேஸ் கிளெஃப் (கீழ்ச் சுரங்களுக்கான குறி) தாள் கேட்பார், அதில் எழுதியது எழுதியபடி. கருவிக்குப் பெயர் வைத்தால் இதை எந்தப் பக்கம் சேர்ப்பது? குணம் கருவியில் இல்லை, தாளில் இருக்கிறது. பெயரையும் தாளுக்கே வைப்போம்.

என் பரிந்துரை: தாளில் இருப்பது ஏட்டுச்சுருதி, காதில் விழுவது ஒலிச்சுருதி. இரண்டும் ஒன்றாக இருந்தால் நேர்த்தாள், வேறுபட்டால் பெயர்த்தாள். ஏட்டுச் சுரைக்காய் என்று கேலி செய்வீர்கள், தெரியும். செய்யுங்கள். ஏட்டில் இருப்பது வேறு, சபையில் ஒலிப்பது வேறு என்பதுதானே சங்கதி.

– குன்னூரிலிருந்து

\*

தம்பிக்கு,

ஏட்டுச்சுருதி பிடித்திருக்கிறது. பெயர்த்தாளும் சரி, "பெயர்த்து எழுது" என்று சொல்லிக்கொடுக்க வசதி. ஆனால் கட்டையை வைத்துக் கணக்குப் போட விடாதீர்கள். உங்கள் எடுத்துக்காட்டில் 4 கட்டை 5 ஆனது, ஒரு கட்டை கூட்டினால் போதும் போலத் தோன்றுகிறது. அடுத்த பாட்டு இ ஃபிளாட்டில் வந்தால்? ஒலிச்சுருதி 2½, கிளாரினெட் தாள் 4. ஒன்றரைக் கட்டை கூடிவிட்டது. இரண்டு இடத்திலும் ஏறியது இரண்டு அரைச்சுரம்தான். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாதே. கூட்டல் கழித்தல் எல்லாம் அரைச்சுரத்தில் சொல்லுங்கள், கட்டை தலைப்பில் மட்டும் நிற்கட்டும்.

இன்னொன்று. கட்டை ஸட்ஜத்தைத்தான் சொல்லும், மேஜரா மைனரா என்று சொல்லாது. தபசு கால (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள்) பாட்டுகளில் மைனர் நிறைய. அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இங்கே கொடைக்கானலில் என்னோடு வாசிக்கிற பழைய கொயர்க்காரர்கள் டானிக் சால்ஃபாவில் (சுரங்களை டோ, ரே, மி என்று எழுத்தால் குறிக்கும் முறை) வளர்ந்தவர்கள். டோ எங்கே நின்றாலும் அவர்களுக்கு டோதான், நம் ஸட்ஜம் போல. இந்தத் தொல்லை எதுவும் அவர்களுக்கு இல்லை. கொடுத்துவைத்தவர்கள்!

\*

சரி ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். தலைப்பு வரி இப்படி இருக்கும்:

*கிளாரினெட் – பெயர்த்தாள். ஏட்டுச்சுருதி 5 கட்டை மேஜர், ஒலிச்சுருதி 4 கட்டை மேஜர்.*

கண்டக்டர் கையில் இருக்கும் முழு ஸ்கோர் ஒலிச்சுருதியிலேயே அச்சாகும். அவர் "நாலு கட்டை, இரண்டாவது வரி" என்று கூப்பிட்டால் குழப்பம் வரக் கூடாது. எஃப் ஹார்ன் தாள் கேட்ட அண்ணனுக்கு: இதே பாட்டில் உங்களுடையது ஏட்டுச்சுருதி 1 கட்டை, ஷார்ப்பும் ஃபிளாட்டும் இல்லாமல். மாதிரித் தாளை அடுத்த மடலில் இணைக்கிறேன்.