வேலை போன பிறகு கோப்ரா: 60 நாள் காத்திருந்து பார்க்கலாமா?

கேள்வி:
அமெரிக்காவில் வேலை. ஜூன் 12 கடைசி நாள், கம்பெனி இன்ஷூரன்ஸ் ஜூன் 30 வரைதான். வேலை போன பிறகும் அதே இன்ஷூரன்ஸை முழுப் பிரீமியமும் நாமே கட்டித் தொடர உதவும் கோப்ரா சட்டத்தின் நோட்டீஸ் இன்னும் வரவில்லை. மனைவிக்கு ஏழாம் மாதம், டாக்டரை மாற்ற முடியாது. பிரீமியம் அதிகம் என்கிறார்கள். தேவைப்பட்டால் மட்டும் கடைசி நேரத்தில் எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1:
சட்டப்படி முடியும். கம்பெனி திட்ட நிர்வாகிக்குத் தெரிவிக்க 30 நாள், அவர் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப 14 நாள். ஆக 44 நாள் வரை தாமதம் ஆகலாம். கவரேஜ் முடிந்த நாள், நோட்டீஸ் நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 60 நாளுக்குள் விருப்பம் தெரிவிக்க வேண்டும். நோட்டீஸ் ஜூலை 20 என்றால் கெடு செப்டம்பர் 18. அன்று கையெழுத்திட்டால் முதல் பணத்துக்கு இன்னும் 45 நாள், அதாவது நவம்பர் 2. ஆனால் கவரேஜ் ஜூலை 1இலிருந்தே கணக்கு என்பதால், அன்று முதலான பாக்கியைச் சேர்த்தே கட்ட வேண்டும்.

தொகையை இப்போதே கணிக்கலாம். கம்பெனி வருடாவருடம் தரும் சம்பள-வரிப் படிவமான டபிள்யூ-2இன் 12ஆம் பெட்டியில் டிடி குறியீட்டுக்கு எதிரே இருப்பது கம்பெனி பங்கும் உங்கள் பங்கும் சேர்ந்த தொகை. கவரேஜ் இருந்த மாதங்களால் வகுத்து 2 சதவீதம் கூட்டுங்கள். கிட்டத்தட்ட அதுதான் மாதக் கட்டணம்.

பதில் 2:
பிரசவம் நெருங்கும் வீட்டில் காத்திருக்காதீர்கள். பணம் கட்டி பதிவாகும் வரை ஆஸ்பத்திரி கணினியில் கவரேஜ் இல்லை என்றே காட்டக்கூடும். சிகிச்சைக்கான இன்ஷூரன்ஸ் முன் அனுமதி தடைபடும், மருந்துக்கடையில் முழு விலை கேட்பார்கள். பிறகு ரசீது வைத்துத் திரும்பப் பெறலாம், ஆனால் அது மாதக்கணக்கில் இழுக்கும். நோட்டீஸ் வந்த அன்றே எடுத்துவிடுங்கள். இந்த வருடம் இதுவரை கட்டிய டிடக்டிபிளும் (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை) அப்படியே தொடரும், புதுத் திட்டத்தில் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். குழந்தை பிறந்த 30 நாளுக்குள் பெயரைச் சேர்க்க எழுதிக் கொடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. எனக்கு மட்டும் மார்க்கெட்பிளேஸ் (தனிநபர்கள் இன்ஷூரன்ஸ் வாங்கும் அரசுச் சந்தை) திட்டம் எடுக்கலாமா?

பதில் 1:
தாராளமாக. கோப்ராவை வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். கவனிக்க வேண்டியது தேதிதான்: மார்க்கெட்பிளேஸின் 60 நாள் கோப்ரா நோட்டீஸுக்காகக் காத்திருக்காது. ஜூன் 30இலிருந்தே ஓடுகிறது, ஆகஸ்ட் 29இல் முடிகிறது. பலர் இரண்டையும் ஒரே கெடு என்று நினைத்து இதைத் தவறவிடுகிறார்கள். இதற்குக் கடந்துபோன தேதியிலிருந்து கவரேஜும் கிடையாது, திட்டம் தேர்ந்தெடுத்த அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல்தான். அந்த 60 நாள் தாண்டிய பிறகு கோப்ராவை நீங்களாக நிறுத்தினால், அந்தக் காரணத்துக்காக மார்க்கெட்பிளேஸ் திறக்காது. நவம்பர் 1 தொடங்கும் பொதுப் பதிவு வரை காத்திருக்க வேண்டும்.

பதில் 3:
இன்னும் சில விஷயங்கள். முதல் தவணைக்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் 30 நாள் அவகாசம் உண்டு. அதைத் தாண்டினால் கவரேஜ் போய்விடும், மீட்பது அநேகமாக நடக்காது. காசோலை அனுப்பினால் தபால் ரசீதை வைத்திருங்கள், அனுப்பிய தேதிதான் கணக்கு. ஹெச்எஸ்ஏ எனும் மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கில் பணம் இருந்தால் கோப்ரா பிரீமியத்துக்கு வரியில்லாமல் எடுக்கலாம்.

கம்பெனியில் 20 பேருக்குக் குறைவு என்றால் மத்திய கோப்ரா பொருந்தாது, மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 2 முதல் 19 பேர் உள்ள கம்பெனிகளுக்கு கால்-கோப்ரா (Cal-COBRA) என்ற மாநிலச் சட்டம் இருக்கிறது. 44 நாள் கடந்தும் நோட்டீஸ் வராவிட்டால், பழைய முகவரிக்குப் போயிருக்கிறதா என்று ஹெச்ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையில் ஊழியர் நலத் திட்டங்களைக் கவனிக்கும் எப்சா (EBSA) பிரிவு: 1-866-444-3272.