திறந்ததும் மூடிக்கொள்ளும் செயலி: லைப்ரரியை எப்படி நீக்குவது?

வணக்கம் நண்பர்களே. உபுண்டு 24.04 லினக்ஸில் என் படம் திருத்தும் செயலி நேற்றிலிருந்து திறந்ததுமே மூடிக்கொள்கிறது. டெர்மினலில் ஓட்டினால் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டதால் நிறுத்தப்பட்டது), வெளியேறும் எண் 139. அழித்து மறுபடி நிறுவியும் அதே கதை.

அப்புறம் ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் ஓட்டி, எந்த வழியாக வந்து விழுந்தது என்று காட்டும் பேக்ட்ரேஸ் எடுத்தேன். விழுந்த இடம் செயலிக்குள் இல்லை, டிஃப் (TIFF) வகைப் படங்களைப் படிக்கும் லைப்ரரிக்குள் (பல செயலிகள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பு). செயலி எந்த லைப்ரரியை எங்கிருந்து எடுக்கிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் அது மட்டும் யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஃபோல்டரிலிருந்து வருகிறது. போன மாதம் வேறொரு வேலைக்காக மூல நிரலிலிருந்து (சோர்ஸ்) நானே கம்பைல் செய்து போட்ட பிரதி. சொன்ன லைப்ரரியை முதலில் ஏற்ற வைக்கும் எல்டி பிரீலோடில் சிஸ்டத்தின் பிரதியைக் கொடுத்தால் செயலி ஒழுங்காகத் திறக்கிறது!

சோர்ஸ் ஃபோல்டர் இப்போது இல்லை, அதனால் நிறுவியதை நீக்கும் மேக் அன்இன்ஸ்டால் கட்டளையை ஓட்ட வழியில்லை. கோப்புகளைக் கையால் நீக்கிவிட்டு லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் ஓட்டினால் போதுமா? அந்தப் பிரதியை நம்பியிருக்கும் வேறு செயலிகளை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது? தங்கை கல்யாண ஆல்பம் பாதியில் நிற்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.