எக்ஸ்எம்எல் எலிமெண்ட் பெயரில் தமிழ் எழுத்து: ஆஸ்கி வெளியீட்டில் சிக்கல்

அனைவருக்கும் வணக்கம். பைத்தானின் எலிமெண்ட்ட்ரீ நூலகம் கொண்டு உருவாக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் சில எலிமெண்ட்களுக்கு (தரவைக் குறிக்கும் குறிச்சொற்களுக்கு) தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறோம். அதை எக்ஸ்எம்எல் தரமும் அனுமதிக்கிறது. எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் எழுதினால் எந்தக் குறையும் இல்லை. ஆனால் கோப்பைப் பெறும் பழைய மென்பொருள், தமிழ் எழுத்துகள் இல்லாத ஆஸ்கி குறியாக்கத்தை மட்டுமே ஏற்பதால், என்கோடிங்கை யூஎஸ்-ஆஸ்கி என மாற்றியதும் 'பெயர்' என்ற எலிமெண்ட் <&#2986;&#3014;&#2991;&#2992;&#3021;> என்று வெளிவருகிறது.

எழுத்துக்குப் பதிலாக அதன் யூனிகோட் எண்ணைத் தரும் இத்தகைய எண்குறிகள் உரையிலும் அட்ரிபியூட் (எலிமெண்டின் பண்பு) மதிப்பிலும் மட்டுமே செல்லும், பெயருக்குள் செல்லாது என்பதால், எந்தப் பார்சரும் (கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரலும்) இக்கோப்பை இப்படிப் பெயர் கொண்ட முதல் எலிமெண்டிலேயே நிராகரித்துவிடும். எழுதும்போது பிழைச் செய்தி எதுவும் வராததுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. எக்ஸ்எம்எல்லை உருமாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி 2.0இன் விதிப்படி இந்த இடத்தில் பிழை காட்டி நிறுத்த வேண்டும். அதுவே முறை என்பது என் எண்ணம்.

எலிமெண்டுக்கு ஆங்கிலப் பெயர் இட்டு, தமிழ்ப் பெயரை அட்ரிபியூட் மதிப்பாகத் தரலாம். ஆனால் கோப்பின் கட்டமைப்பை வரையறுக்கும் ஸ்கீமா முழுவதையும் திருத்த நேரும். ஒவ்வோர் எழுத்தையும் அதன் யூனிகோட் எண்ணைக் கொண்டு _x0BAA_ ('ப') என்ற வடிவில் பெயருக்குள் பொதிந்தால் கோப்பு செல்லுபடியாகும், எனினும் பெறுபவர் அதைத் திரும்பப் பிரிக்க வேண்டும்.

பெறும் தரப்பை மாற்ற இயலாத நிலையில் இவ்விரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? எழுதுவதற்கு முன்பே இத்தகைய பெயர்களைக் கண்டறிந்து நிறுத்தும் நூலகம் ஏதேனும் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.